கடைமடையில் நின்ற கல்

எனக்குக் கல்லடைப்பு என்ற செய்தி பரவிய இரண்டே நாளில் பதினேழு பேர் தொலைபேசியில் விசாரித்தார்கள். அவர்களில் பதினாறு பேரின் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை எம்.எம்.?" ஆறு என்று சொன்னதும் ஒவ்வொருவரும் தத்தம் கல்லின் அளவைச் சொன்னார்கள். எட்டு வைத்திருந்தவர் என்னிடம் கொஞ்சம் இளக்காரமாகவே பேசினார். பதினேழாவது ஆள் என் பழைய அலுவலகத்தில் லஸ்கராக, அதாவது மதகும் கால்வாயும் பார்த்துக்கொள்ளும் ஊழியராக இருந்தவர். அவர் மட்டும், "எந்த இடத்தில் ஐயா நிற்கிறது?" என்று கேட்டார். கால்வாய்க்காரன் கால்வாய்க்காரன்தான்.

நான் பொதுப்பணித் துறையில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தவன். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களும் அவற்றின் வரத்துக் கால்வாய்களும்தான் என் பிழைப்பு. தண்ணீர் வரவில்லை என்று ஊர்க்காரர்கள் வந்து நின்றால், அடைத்திருப்பது எத்தனை அடி மரம் என்று நாங்கள் கேட்க மாட்டோம். எந்த இடத்தில் என்றுதான் கேட்போம். அகலமான கால்வாயில் மிதந்து போய்விடுகிற அதே மரம், குழாய்ப்பாலத்தின் வாயில் குறுக்கே விழுந்தால் இரவோடு இரவாகக் கரை போய்விடும். இதெல்லாம் தெரிந்தவன் தன் உடம்பு விஷயத்தில் மட்டும் மூன்று வாரம் மண்டூகமாக இருந்தேன். அந்தக் கதைதான் இது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. கிட்னி ஸ்டோன் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லில் சிறுநீரகம் இருக்கிறது, கல் இருக்கிறது, நோய் எங்கே என்றுதான் தெரியவில்லை. சிறுநீரகத்துக்குள் கல்லை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் அதைக் கேள்விப்பட்டுத் திகைப்பார்கள். சித்த மருத்துவர்கள் கல்லடைப்பு என்றார்கள். கல் அடைத்தால்தான் நோய் என்பது அந்தச் சொல்லிலேயே அடங்கிவிட்டது. அதை உண்டாக்கியவர் எங்கள் இலாகாக்காரராகத்தான் இருந்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பங்குனி முடியும் நேரம். இரவு இரண்டு மணிக்கு முதுகில், வலப்பக்கம் கடைசி விலாவுக்குக் கீழே, யாரோ உள்ளிருந்து முஷ்டியால் அழுத்துவது போலத் தொடங்கியது. வாயுப் பிடிப்பு என்று நினைத்துப் பெருங்காயம் போட்ட மோர் குடித்தேன். அரை மணி நேரத்தில் மோர் வெளியே வந்துவிட்டது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒரு நிமிடம் தாங்கும், பிறகு அதுவும் இல்லை. பின்னால் மருத்துவர் ஒருவர் சொன்னார்: வயிற்றுக்குள் சீழ் பிடித்தவன் அசைந்தால் வலிக்கும் என்று மரக்கட்டை மாதிரிக் கிடப்பான், கல்லடைப்புக்காரன் ஓரிடத்தில் இருக்க மாட்டான். வாசலில் ஆள் வரும் விதத்தை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாமாம். நான் ஆட்டோவுக்குள் முழங்காலிட்டுக்கொண்டு போனவன்.

மருத்துவமனையில் டைக்ளோஃபினாக் ஊசி போட்டார்கள். இருபது நிமிடத்தில் உலகம் திரும்பி வந்தது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் நாளத்தைக் கல் போய்ச் சுரண்டுவதால்தான் அந்த வலி என்று அதுவரை நினைத்திருந்தேன். முக்கியக் காரணம் அது இல்லையாம். கல்லுக்கு மேலே தேங்கும் சிறுநீர் அழுத்தம் ஏற்றுகிறது. சிறுநீரகத்தின் உள்ளே சிறுநீர் திரளும் புனல் விரிந்து உப்புகிறது. அந்த இழுபடல்தான் பெருமளவு வலி. போதாததற்கு, அடைபட்ட சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, தனக்கு வரும் இரத்த ஓட்டத்தைக் கூட்டி, இன்னும் சிறுநீரை உண்டாக்குகிறது. மடை அடைத்திருக்கும்போது வரத்தைத் திறந்துவிடுகிற புத்திசாலித்தனம். டைக்ளோஃபினாக் அந்தப் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பைத் தடுப்பதால் வலியை மறைப்பதோடு அழுத்தத்தையும் குறைக்கிறது.

இதே காரணத்தால், வலி உச்சத்தில் இருக்கும்போது "தண்ணீரை மடக்மடக்கென்று குடி, தள்ளிவிடும்" என்று சொல்லும் அறிவுரை எனக்கு இப்போது உவப்பில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு குடத்தை எதிரில் வைத்துவிட்டார்கள். தாகத்துக்குக் குடிக்கலாம், வாந்தி எடுத்ததை ஈடுகட்டக் குடிக்கலாம். வலுக்கட்டாயமாகக் குடிப்பதால் கல் சீக்கிரம் இறங்குவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. மதகு அடைத்திருக்கையில் கண்மாயில் நீர்மட்டத்தை ஏற்றினால் மதகு திறக்காது. கரைக்குத்தான் ஆபத்து. சில பேருக்கு அழுத்தம் தாங்காமல் சிறுநீரகத்தின் உட்கிண்ணத்து ஓரம் விட்டுப்போய்ச் சிறுநீர் வெளியே கசிவதும் உண்டு. அதைப் படித்த அன்று என் தொழில் புத்தி சிலிர்த்துக்கொண்டது. கரை உடைப்பேதான்.

காலையில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தார்கள். வலது சிறுநீரகம் லேசாக வீங்கியிருக்கிறது, கல் எதுவும் தென்படவில்லை என்று அறிக்கை வந்தது. கல் வெளியேறியிருக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கோயிலுக்குத் தேங்காய் உடைத்தோம்.

இந்த இடத்தில் கல் போகும் வழியைச் சொல்லிவிட வேண்டும்.

யூரிட்டர் என்பதைப் பள்ளிப் பாடநூல் சிறுநீர் நாளம் என்கிறது. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் வேறு. பேச்சில் இரண்டையும் சேர்த்து யூரின் குழாய் என்று சொல்லிவிடுகிறோம், பாதிக் குழப்பம் அங்கேதான். நாளங்கள் இரண்டு. வலம் இடம் இரு சிறுநீரகங்களிலிருந்தும் ஒவ்வொன்றாக இறங்கிச் சிறுநீர்ப்பைக்குப் போகின்றன. நீளம் 25 முதல் 30 சென்டிமீட்டர், பள்ளிக்கூடத்து ஸ்கேல் அளவு. உள்வழி 3, 4 மில்லிமீட்டர், பால்பாயின்ட் பேனாவின் ரீஃபில் மாதிரி. என் கல் 6. இந்தக் கணக்கே உதைக்கிறதே என்று நினைத்தால், நாளம் இரும்புக் குழாய் இல்லை. தசைக் குழாய், கொஞ்சம் விரிந்து கொடுக்கும்.

என் தொழில் உவமை ஓரிடத்தில் நொண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கால்வாயில் தண்ணீர் சரிவில் ஓடுகிறது. நாளத்துக்குச் சரிவு தேவையில்லை. சுவரின் தசை நிமிடத்துக்குச் சில முறை மேலிருந்து கீழாக அலை போலச் சுருங்கி, சிறுநீரைக் கவளம் கவளமாகத் தள்ளுகிறது. படுத்திருந்தாலும் தள்ளும், சிரசாசனம் செய்தாலும் தள்ளும். அதனால் மாடிப்படியில் குதித்தால் கல் கீழே விழுந்துவிடும் என்று ஒரு நண்பர் சொன்னதை நான் செய்து பார்க்கவில்லை. படி மூன்றாவது மாடியில் இருந்தது என்பதும் ஒரு காரணம்.

இந்த ஓரடி வழியில் கல் சிக்கக்கூடிய இடங்கள் மூன்று என்று மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். முதலாவது தலைமடை. சிறுநீரகத்தின் புனல் முடிந்து நாளம் தொடங்கும் இடம், மருத்துவர்கள் பி.யு.ஜே. என்று சுருக்குவார்கள். பெரிய கல் இங்கே நுழையவே முடியாமல் புனலிலேயே தங்கிவிடும். இரண்டாவது, நாளம் வயிற்றிலிருந்து இடுப்புக் குழிக்குள் இறங்கும் விளிம்பு. காலுக்குப் போகும் பெரிய இரத்தக் குழாயின் மேல் ஏறி வளைந்து இறங்குகிறது. பெரிய குழாய்மேல் சின்னக் குழாயைக் கொண்டுபோகிற எந்த வேலையிலும் அந்த வளைவில் தொல்லை வரும் என்று எனக்கே தோன்றும். மூன்றாவது கடைமடை, வி.யு.ஜே. நாளம் சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். இருப்பதிலேயே குறுகலானது இதுதான்.

என் வலியும் இந்த வரைபடத்தின்படியே இறங்கியது என்று சொல்ல ஆசை. ஓரளவு இறங்கவும் செய்தது. தேங்காய் உடைத்த மூன்றாம் நாள் வலி திரும்பியது. இந்த முறை முதுகில் குறைவு, அடிவயிற்றின் வலப்புறத்தில் கூடுதல். பக்கத்துத் தெருவில் வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் சரியாக அந்த இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டுக் குடல்வாலாக இருக்கலாம் என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நாளத்தின் நடுப்பகுதியில் கல் இருந்தால் வலப்பக்கத்தில் அது குடல்வால் வலி வேடம் போடும் என்பது எல்லோரும் அறிந்த சங்கதி. நல்ல வேளை, சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றும் எழுதினார். அதில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்த அணுக்கள் இருந்தன. அறுவைப் பேச்சு ஒத்திப்போடப்பட்டது.

அடுத்து வலி தொடையிடுக்குக்கு இறங்கி, விதைப்பைவரை போனது. இதை வெளியே சொல்ல எனக்குக் கூச்சம், மனைவியிடம்கூட ஒரு நாள் சொல்லவில்லை. இதற்குப் பின்னால் ஓர் அழகான காரணம் இருக்கிறது. கருவில் விதைகள் உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் அவை கீழே இறங்குகின்றன, இறங்கும்போது பழைய வீட்டு நரம்புத் தொடர்பையும் கூடவே கொண்டு வருகின்றன. பெண்களுக்கு இதே வலி பிறப்புறுப்பின் ஓரத்துக்கு இறங்கும். ஆகவே வலி எங்கே என்று மருத்துவர் கேட்டால் முழுக்கச் சொல்லிவிடுவது நல்லது. நான் பாதியை விழுங்கினேன்.

ஆறாம் நாள் தொடங்கியது வேறு விதமான உபத்திரவம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சிறுநீர் முட்டுகிறது. போனால் நாலு சொட்டு, நுனியில் எரிச்சல். வந்து உட்கார்ந்தால் மறுபடியும் முட்டுகிறது. வலி ஏறக்குறைய இல்லை. நீர்க்கடுப்பு என்று முடிவு கட்டி, அக்கா கொடுத்தனுப்பிய சிறுபீளைக் கஷாயத்தைக் குடித்தேன். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற பூளைப்பூச் செடிதான் அது. அதோடு வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம். இவற்றைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அக்கா விடியற்காலையில் எழுந்து காய்ச்சியது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வருவது கால்சியம் ஆக்ஸலேட் கல். அதை எந்த மருந்தும் கரைப்பதில்லை, ஆங்கில மருந்தும் சேர்த்துத்தான். மருந்தால் கரைக்க முடிந்தது யூரிக் அமிலக் கல். அது வேறு சாதி.

அந்த முட்டல்தான் கல் தன் முகவரியைச் சொன்ன விதம். கல் கடைமடைக்கு வந்து சிறுநீர்ப்பைச் சுவரை உறுத்தியது. பை நிறைந்துவிட்டது என்று அது நினைத்துக்கொண்டு மணியடித்தது. இதைச் சொன்னவர் நான் மூன்றாவதாகப் போன சிறுநீரகவியல் மருத்துவர். அவர் என்னைத் தொடுவதற்கு முன்பே, "ஒரு மணி நேரம் அடக்க முடிகிறதா?" என்று கேட்டார். பத்து நிமிடம்கூட முடியவில்லை என்றேன். "அப்படியானால் கல் கதவருகில் நிற்கிறது" என்றார்.

பிறகு பழைய அறிக்கையைப் பார்த்துச் சிரித்தார். அல்ட்ராசவுண்ட் ஒலி அலையால் பார்ப்பது. நாளத்தின் தொடக்கம் சிறுநீரகத்தை ஒட்டி இருப்பதால் தெரியும். முடிவு, சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அந்த நீரின் வழியே தெரியும். நடுவில் உள்ளதைக் குடலில் இருக்கும் காற்று மறைத்துவிடும். அதனால்தான் ஸ்கேன் நிலையத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்கிறார்கள். அன்று காலை என் கல் வழியின் நடுவில் எங்கோ இருந்திருக்க வேண்டும். அதுபோக, வாந்தி எடுத்துச் சக்கையாகப் போயிருந்த எனக்குப் பையிலும் நீர் இல்லை. அறிக்கையில் கல் தென்படவில்லை என்றுதான் இருந்தது. அதைக் கல் இல்லை என்று வாசித்தது அங்கிருந்தவர்களும் நாங்களும். இன்னொரு வேடிக்கை: பை நிறைய நீரை அடக்கி வரச் சொன்னால் அது யாருக்கு முடியாது? கடைமடையில் கல் நிற்பவனுக்குத்தான் முடியாது.

சி.டி. எடுத்தார்கள். மருந்து ஏற்றாத சாதாரண சி.டி., சிறுநீரகம், நாளம், பை மூன்றின் ஆங்கில முதலெழுத்தைச் சேர்த்துக் கே.யு.பி. என்று எழுதுவார்கள். சி.டி.யில் ஏறக்குறைய எல்லாக் கல்லும் தெரியும், சாதாரண எக்ஸ்ரேக்குத் தெரியாத யூரிக் அமிலக் கல்லும் சேர்த்து. முதல் படத்தில் கல் சிறுநீர்ப்பையின் வலது பின் ஓரத்தில் இருந்தது. அது நாளத்தின் வாயில் சிக்கியிருக்கிறதா, விழுந்து பையின் தரையில் கிடக்கிறதா? மல்லாந்து படுத்தவனுக்கு இரண்டும் ஒரே இடத்தில்தான் தெரியும். அந்த ஊழியர் என்னைக் கவிழ்ந்து படுக்கச் சொல்லி மறுபடி எடுத்தார். விழுந்த கல்லானால் பையின் முன்பக்கத்துக்கு உருண்டு வரும். என்னுடையது அசையவில்லை. எத்தனை எளிமையான சோதனை. எங்கள் இலாகாவில் இதற்கு ஒரு குழு அமைத்திருப்போம்.

வீட்டுக்கு வந்து, ஓய்வு பெற்றவனுக்கு இருக்கும் நேரத்தில் வாசிக்கத் தொடங்கினேன். மூன்று இடம் என்று புத்தகம் சொல்கிறதே, மூன்றிலும் சமமாகவா நிற்கிறது? 2009-இல் அமெரிக்காவின் சிறுநீரகவியல் இதழ் ஒன்றில் வந்த ஓர் ஆய்வு, வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 94 பேரின் சி.டி. படங்களில் கல் நின்ற இடத்தைக் குறித்திருக்கிறது. கடைமடையில் 57 பேருக்கு. தலைமடையில் 10 பேருக்கு. தலைமடைக்கும் இடுப்பு விளிம்புக்கும் இடைப்பட்ட வழியில் 22 பேருக்கு. விளிம்புக்குக் கீழே, கடைமடைக்கு மேலே 4 பேருக்கு. பாடப் புத்தகம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அந்த இரத்தக் குழாய் வளைவில்? ஒரே ஒருவருக்கு.

எனக்கு இந்த ஒற்றை எண் ரொம்பப் பிடித்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் ஒப்பித்துவரும் மூன்றில் ஒன்று, படத்தில் ஏறக்குறைய ஆளே இல்லாத மடையாக இருக்கிறது. புத்தகத்தில் பெயரே இல்லாத மேல் நாளத்தில் 22 பேர் நிற்கிறார்கள். 94 சின்ன எண்ணிக்கை என்பதும், இது வலி வந்து ஓடிவந்த வேளையின் ஒரு நிழற்படம் மட்டுமே என்பதும் உண்மை. வளைவில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போன கல் இதில் வராது. என் அடிவயிற்று வலி நாளில் கல் அங்கேதான் நின்றதா என்று கேட்டால் என்னிடம் படம் இல்லை. வலியின் இடம் ஓர் ஊகம்தான். ஆனாலும் எங்கள் அனுபவமும் இதையே சொல்லும். வளைவில் குப்பை தயங்கும், நிற்காது. நிற்பது வாய் குறுகும் இடத்தில், அதுவும் திரும்பி வராதபடி கதவு வைத்த இடத்தில்.

கடைமடையில் அப்படி ஒரு கதவு இருக்கிறது. நாளம் சிறுநீர்ப்பையின் சுவரை நேராகக் குத்திக்கொண்டு உள்ளே போவதில்லை. சுவருக்குள்ளேயே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் சாய்வாக நடந்துதான் திறக்கிறது. பை நிறையும்போது அதன் அழுத்தமே அந்தச் சாய்வான துண்டை நசுக்கி மூடிவிடும். சிறுநீர் மேலே திரும்பாது. திரும்பினால் கிருமியும் அழுத்தமும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆக அந்த இடம் குறுகலாக இருப்பது கட்டியவனின் பிழை இல்லை. நல்ல பொறியாளர் செய்த வேலை, கல் வரும் என்று மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை.

அங்கே நிறையப் பேருக்குக் கல் நிற்கிறது என்றாலும், அங்கே நிற்கும் கல்தான் பெரும்பாலும் தானாகப் போகிறது. 2002-இல் வந்த, 172 பேரின் சி.டி. படங்களை வைத்துச் செய்த ஆய்வு இது: மேல் நாளத்தில் இருந்த கற்களில் நூற்றுக்கு 48 தானாக வெளியேறின. நடுவில் 60. கீழே 75. கடைமடையில் 79. அளவும் கணக்கில் உண்டு, நான் அதை மறுக்கவில்லை. அதே ஆய்வில் 2 முதல் 4 மி.மீ. வரை நூற்றுக்கு 76, 5 முதல் 7 வரை 60, 9-க்கு மேல் 25. ஆக மேலே நிற்கும் 6-உம் கீழே நிற்கும் 6-உம் ஒரே கல் இல்லை. எட்டு எம்.எம். நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் கல் எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

மருத்துவர் நான்கு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், இரவில் ஒன்று. அது முதியவர்களுக்கு புரோஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரை. நாளத்தின் கீழ்ப்பகுதித் தசையையும் தளர்த்தும் என்பதால் இங்கேயும் கொடுக்கிறார்கள். 2015-இல் பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த சஸ்பெண்ட் என்னும் பெரிய ஆய்வில், இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 81 பேருக்கும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 80 பேருக்கும் மேற்கொண்டு சிகிச்சை தேவைப்படவில்லை. பலனே இல்லை என்கிறீர்களா என்று மருத்துவரிடமே கேட்டேன். கடைமடையில் நிற்கும் 5-க்கு மேற்பட்ட கல்லுக்குக் கொஞ்சம் உதவலாம் என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன, உங்கள் கல் அந்த வகை என்றார். எழுந்தவுடன் தலைசுற்றும், மெதுவாக எழுந்திருங்கள் என்றும் சொன்னார். தலைசுற்றியது.

போகும்போது ஒன்றை அழுத்திச் சொன்னார். குளிர் காய்ச்சல் வந்தால் நள்ளிரவானாலும் ஓடி வந்துவிட வேண்டும். அடைபட்ட சிறுநீருக்குள் கிருமி புகுந்தால் சில மணி நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடும். அப்போது கல்லை எடுப்பதுகூட இரண்டாம்பட்சம், தேங்கியதை முதலில் வெளியேற்ற வேண்டும். ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்களுக்கும், சிறுநீர் முற்றிலும் நின்றுபோனவர்களுக்கும் இதே அவசரம்.

பன்னிரண்டாம் நாள் எல்லாம் நின்றது. முட்டல் இல்லை, வலி இல்லை, எரிச்சல் இல்லை. வடிகட்டியில் எதுவும் விழவில்லைதான். சிறுநீரை வடிகட்டச் சொல்லியிருந்தார்கள், நான் டீ வடிகட்டி ஒன்றைத் தியாகம் செய்திருந்தேன். விழுந்ததைக் கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று சமாதானம் செய்துகொண்டேன். மறுபடி தேங்காய். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. மூன்றாம் வாரம் மறுபரிசோதனைக்குப் போக வேண்டிய நாளில், நன்றாக இருப்பவன் எதற்காகப் போக வேண்டும் என்று கேட்டேன். மனைவி, "கால்வாயில் சத்தம் இல்லை என்றால் அடைப்பு எடுத்துவிட்டது என்று நீங்கள் எழுதிக் கொடுப்பீர்களா?" என்றாள். முப்பத்தோரு ஆண்டுப் புலம்பலைக் காதில் வாங்கியவள்.

இந்த முறை பையை நிறைத்துக்கொண்டு போக முடிந்தது. கல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. சிறுநீரக வீக்கம் முன்பைவிடக் கூடியிருந்தது. வலி நின்றதற்குக் காரணம், நாட்பட நாட்பட அடைபட்ட சிறுநீரகம் சிறுநீர் உண்டாக்குவதைக் குறைத்துக்கொள்கிறது, உள்ளழுத்தம் தணிகிறது, புனல் விரிந்தபடியே பழகிவிடுகிறது. சத்தமில்லாமல் கெட்டுப்போகிற காலம் அது. ஒரு சிலர் வலி போன நிம்மதியில் மாதக்கணக்கில் விட்டுவிட்டு, பிறகு வேலை செய்யாத சிறுநீரகத்தோடு வருவதுண்டு என்றார் மருத்துவர். நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் முடிவெடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கல் நெடுநாள் ஓரிடத்தில் நின்றால் சுற்றியுள்ள சவ்வும் வீங்கி அதை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இனி எப்படி எடுப்பது என்பதும் இடத்தைப் பொறுத்ததுதான். என் அப்பாவுக்கு 1970-களில் கல் எடுத்தார்கள். விலாவுக்குக் கீழே அரை அடித் தழும்பு, பெல்ட் போட்டால் உறுத்துகிறது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அறுவை நாள் காலையில் அவரை மறுபடி எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோனதை நான் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே படம் இருக்கிறதே, பணத்துக்காக என்று சித்தப்பா முணுமுணுத்தார். இரவுக்குள் கல் நகர்ந்திருந்தால் வெட்ட வேண்டிய இடமே மாறிவிடும் என்பது ஐம்பது ஆண்டு கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. மேலே நிற்கும் கல்லுக்கு விலாவின் கீழ், கடைமடைக் கல்லுக்கு அடிவயிறு.

வெட்டாமல் எடுக்கிற காலம் 1980 பிப்ரவரி 7-இல் தொடங்கியது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌசி என்னும் மருத்துவரின் குழு, உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திச் சிறுநீரகக் கல்லை உடைத்தது. கருவியைச் செய்தது டோர்னியர், விமானம் செய்யும் நிறுவனம். அதிவேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், கடைசியில் கல்லுடைக்கும் இயந்திரத்தில் வந்து நின்றார்கள். அதிர்வலை சிறுநீரகத்திலும் மேல் நாளத்திலும் உள்ள கல்லுக்குப் பொருந்தும். என்னுடையது போலக் கீழே நிற்பதற்குப் பெரும்பாலும் கீழிருந்தே போகிறார்கள். சிறுநீர் வரும் வழியாக மெல்லிய உள்நோக்கியைச் செலுத்தி, பைக்குள் போய், நாளத்தின் வாயைக் கண்டுபிடித்து, லேசரால் கல்லைப் பொடியாக்குவது. மதகைக் கீழ்ப்பக்கத்திலிருந்து திறக்கிற வேலை. முக்கால் மணி நேரம் ஆயிற்றாம், முதுகில் போட்ட மயக்க ஊசியில் எனக்கு இடுப்புக்குக் கீழே உலகம் இல்லை.

வீங்கிய நாளம் மறுபடி மூடிக்கொள்ளாமல் இருக்க உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு முனையும் சுருண்ட மெல்லிய குழாய், மேல் சுருள் புனலிலும் கீழ்ச் சுருள் பையிலும் மாட்டிக்கொள்ளும். கல்லைவிட அது என்னைப் படுத்தியது. கீழ்ச் சுருள் பையை உறுத்துவதால் பழைய முட்டல் அப்படியே திரும்பி வந்தது. பதினைந்து நாள். ஸ்டென்ட் வைத்ததையே மறந்துவிட்டு மாதக்கணக்கில் எடுக்காமல் விடுகிறவர்கள் உண்டு என்று மருத்துவர் சொன்னபோது நம்ப முடியவில்லை. அதை எப்படி மறக்க முடியும்?

பொடியைச் சிறு புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள், பரிசோதனையில் கால்சியம் ஆக்ஸலேட் என்று வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். குடிப்பதைக் கணக்கு வைக்காதீர்கள், போவதைக் கணக்கு வையுங்கள் என்றார் மருத்துவர், எங்கள் வெயிலில் பாதி வியர்வையில் போய்விடுகிறதே. உப்பைக் குறைக்கச் சொன்னார். பாலை நிறுத்தியிருந்த என்னை மறுபடி குடிக்கச் சொன்னார். கல்லில் கால்சியம் இருக்கிறது என்பதற்காக உணவில் கால்சியத்தைக் குறைத்தால் கல் கூடும், குறையாது. குடலில் ஆக்ஸலேட்டைப் பிடித்து வைக்க அது வேண்டும்.

கிளம்பும்போது அவர் சி.டி. படத்தை இன்னொரு முறை விளக்கில் வைத்து, இடதுபக்கத்தைக் காட்டினார். இடது சிறுநீரகத்தின் அடிக் கிண்ணத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. 3 மி.மீ. இதை என்ன செய்வது என்றேன். ஒன்றும் செய்ய வேண்டாம், ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்வோம் என்றார். எப்போது இறங்கும் என்று கேட்டதற்கு, அதற்கே தெரியாது என்றார். லஸ்கரிடம் இதைச் சொன்னேன். "கண்மாய்க்குள்ளே கிடக்கிற வரைக்கும் கிடக்கட்டும் ஐயா" என்றார்.